கொஞ்சம் வாயைத் திற!

வாய்ப்புற்றுக் கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால், அந்த மனிதர் பிழைப்பாரா என்று ஓரளவு கணிக்கலாம். ரத்தத்தின் வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்றொரு வகை. அவை கட்டிக்குள் நிறையப் புகுந்திருந்தால், உடம்பு இன்னும் சண்டை போடுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தால் சிக்கல். இதற்குப் புது மெஷின்கூட வேண்டாம், வழக்கமான பயாப்ஸி ஸ்லைடே போதும்.

சந்தோஷம். விஞ்ஞானத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால், அந்த ஸ்லைடு என்றைக்குத் தயாராகிறது? தேனி மாவட்டம் மயிலாடும்பாறையில் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு காட்டு வேலைக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. வலிக்காது. வலிக்காததைக் காட்ட ஒருநாள் கூலியை யார் விடுவார்கள்? சோறு இறங்காமல் போன பிறகுதான் கடமலைக்குண்டு, கண்டமனூர் தாண்டி க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவார். அதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருக்கும். புற்று அங்கே பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்புறம் லிம்போசைட்டை எண்ணி அவரிடம் என்னய்யா சொல்லப்போகிறீர்கள்?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1996-ல் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய், ‘வாயைத் திறங்க’ என்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பணியாளர்கள். 2005-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

2016-ல் மத்திய அரசும் விழித்துக்கொண்டு, 30 முதல் 65 வயதுவரை உள்ள எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை என்று வழிகாட்டுதல் போட்டது. பலன்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியா முழுக்க வாயைக் காட்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். (2013-ல் தமிழ்நாடு குட்காவுக்குப் போட்ட தடையின் லட்சணத்தைப் பெட்டிக்கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வாசலுக்கே மாத்திரை வருகிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. வாசல்வரை வந்த கையில் ஒரு டார்ச் லைட் இருந்தால் குறைந்தா போய்விடும்? அடுத்த தடவை அந்த அம்மா வரும்போது, ‘என் வாயையும் பாரும்மா’ என்று கேளுங்கள். டார்ச் தரவில்லை என்று சொன்னால், எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.