தோற்றாலும் ஓட்டுக்கு விடு!



கோபால கிருஷ்ண கோகலே மிதவாதி, நம்ம அணி இல்லை. 1899இல் பம்பாய் சட்டசபை, 1902இல் வைஸ்ராயின் சட்டசபை. எந்தக் கூலித் தொழிலாளியும் அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் 1910இல், நேட்டாலுக்குக் கூலிகளைக் கப்பல் ஏற்றுவதை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். 1911இல் ஏற்றுவது நின்றது. 1912 மார்ச்சில் ஒப்பந்தக் கூலி முறையையே ஒழிக்கச் சொன்னார். ஆதரவு 22, எதிர்ப்பு 33. அதிகாரிகளின் பெரும்பான்மை தோற்கடித்தது.

அதோடு முடிந்ததா? 1913இல் நேட்டால் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம். ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலையில் கட்டிய 3 பவுண்டு வரி 1914இல் ஒழிந்தது. 1917இல் இந்தியாவிலிருந்து கூலி ஏற்றுமதியே நின்றது. கோகலே அதைப் பார்க்கவில்லை, 1915இல் இறந்துவிட்டார்.

வளைகுடா வேலையும் அந்தக் கூலி முறையும் ஒண்ணுன்னு சொல்லல. ஆனா விசா இன்னும் முதலாளி கையிலதான். சொல்லாம வேலையை விட்டா ‘ஓடிட்டான்’னு புகார். அமீரகத்தில் சங்கமும் கிடையாது, வேலைநிறுத்தமும் கிடையாது. ஊர் ஓட்டு? 2010 திருத்தத்தால் பட்டியலில் பேர் சேர்க்கலாம். ஓட்டுப் போட டிக்கெட் எடுத்துப் போகணும்.

இங்கே தெருவில் இறங்க முடியாதவனுக்காக டெல்லியில் யார் எழுந்து நிற்பது? நாம அனுப்பும் பணத்தைப் புகழுற எம்.பி.க்களைக் கேளுங்க: ஏஜென்ட் கொள்ளை, பிடுங்கி வச்ச பாஸ்போர்ட், வராத சம்பளம் பத்தி ஒரு தனிநபர் மசோதா எங்கே? தோற்கட்டும். யார் எந்தப் பக்கம் கை தூக்கினாங்கன்னு பதிவாகட்டும்.