ஒலிப்பதிவை எழுத்தாக்கும் யந்திரமும் கிராமத்தாரும்

தஞ்சை ஜில்லாவில் 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவிய காலத்தில், குடியானவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர். திருச்சி வானொலி நிலையத்தின் விவசாய ஒலிபரப்பைக் கேட்டே பலர் அதைப் பயிரிடத் துணிந்தமையால் வந்த பெயர் அது. அன்று பேசப்பட்டவற்றுள் எழுத்தில் தங்கியது சொற்பம். கேட்டவர் நினைவில் நின்றதே நின்றது. ஏனையவை காற்றோடு போயின.

இக்காலத்து மிராசுதார் வீட்டில் அந்தக் குறை இல்லை. வேறொரு குறை உண்டு. குருத்துப்பூச்சியைப் பற்றி விஸ்தரிப்பு அதிகாரி செய்த பிரசங்கம், மாப்பிள்ளைச் சம்பாவுக்குப் பட்டம் எது என்று பாட்டனார் சொன்னது, கிராம சபையில் நிகழ்ந்த வாக்குவாதம் ஆகிய யாவும் கைப்பேசியில் ஒலியாகவும் படமாகவும் கிடக்கின்றன. வேண்டிய ஒரு வாக்கியத்தைத் தேட ஒரு மணி நேரம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒருவரும் கேட்பதில்லை.

இப்பதிவுகளை அப்படியே ஏற்றினால் தமிழ் எழுத்தாக்கித் தரும் யந்திர ஏற்பாடு இப்போது சாதாரணமாகிவிட்டது. இதற்கான ஆராய்ச்சியில் முக்கியமான ஒரு பகுதி சென்னை அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், ‘ஏஐ ஃபார் பாரத்’ என்ற குழுவினரால் நடைபெறுகிறது. மத்திய அரசின் ‘பாஷிணி’ திட்டம் 2022-ல் தொடங்கியது. மேற்படி குழுவினர் 2024-ல் வெளியிட்ட பேச்சுத் தொகுப்பின் முதல் வெளியீட்டில் 22 பாஷைகள், 145 ஜில்லாக்கள், 16,237 பேர், 7,348 மணி நேரப் பேச்சு அடங்கியிருந்தன. அவற்றுள் பெரும்பகுதி புஸ்தகத்தைப் பார்த்து வாசித்ததன்று, தாமாகப் பேசியது என்பது கவனிக்கத்தக்கது. வானொலிச் செய்தி வாசிப்பையும் மயிலாப்பூர்ச் சபைப் பிரசங்கத்தையும் மட்டும் கேட்டுப் பழகிய யந்திரம் ஒரத்தநாட்டுக் களத்துமேட்டுப் பேச்சைக் கேட்டால் திகைக்கும் அல்லவா?

எனினும் திகைப்பு முற்றும் நீங்கிவிடவில்லை. யந்திரம் நீண்ட பதிவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகிக்கிறது. ஊகம் தவறினாலும் சந்தேகக் குறி எதுவும் இடாமல், பிழையற்ற வாக்கியத்தைப் போலவே எழுதி வைக்கிறது. பேச்சே இல்லாத இடத்திலும், பம்புசெட் ஓசையிலும், யாரும் சொல்லாத வாக்கியத்தைச் சில சமயம் சேர்த்துவிடுகிறது. ‘களை’ என்றது ‘கலை’ ஆனால் படிப்பவர் சிரித்துத் திருத்திக்கொள்வார். அளவுகளில் அவ்வாறில்லை. விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க 10 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ உப்புக் கரைக்க வேண்டும். பேசியவர் ‘ஒன்னரை’ என்றதில் ‘அரை’ விழுந்து ஒரு கிலோ என்று எழுத்தானால், கரைசலின் அடர்த்தி குறைந்து, மிதக்க வேண்டிய அரைகுறை மணிகளும் அடியில் தங்கிவிடும். முளைப்புக் குறையும்போது பழி விதையின் மேல் விழும். பூச்சிமருந்தின் அளவில் இவ்விதம் நேர்ந்தால் நஷ்டம் இதனினும் பெரிது. மா, குழி, வேலி என்ற நில அளவைகளும், காலே அரைக்கால் என்ற கணக்கும் நகரத்து யந்திரத்துக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதவை. ஆகையால் எண் வரும் இடந்தோறும் மூலப் பதிவைக் காதால் கேட்டு ஒத்துப்பார்க்காமல் எந்த எழுத்துப் பிரதியையும் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது தகாது.

கிராம அதிகாரிகளுக்கு இதில் மேலும் கனமான விஷயம் ஒன்று உண்டு. கிராம சபையின் ஒலி, படப் பதிவுகளிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தயாரிக்கும் ‘சபாசார்’ என்னும் கருவியை மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 14-ல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட வேண்டுமென்று விதி இருக்கிறது. எழுத்து வேலை அதிகம், ஆட்கள் குறைவு. யந்திரம் இச்சிரமத்தைக் குறைக்குமாயின் வரவேற்கத்தக்கதே. யந்திரத்துக்குப் பட்சபாதம் இல்லை, எழுத்தர் தமக்கு வேண்டாததை விட்டுவிடுவார், இது விடாது என்று சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதம் பாதிதான் உண்மை. ஒலிவாங்கி மேடையருகில் இருக்கிறது. கடைசி வரிசையில் எழுந்து, ஏரி வாய்க்காலின் ஆக்கிரமிப்பைக் குறித்து முறையிடும் ஸ்திரீயின் குரல் அதில் தேய்ந்தே விழும். இருவர் ஒரே சமயத்தில் பேசினால் உரத்த குரலே எழுத்தாகும். எழுத்தர் விட்டுவிட்டால் ஏன் விட்டீர் என்று அவரைக் கேட்கலாம். யந்திரம் விட்டதை எவரிடம் போய்க் கேட்பது?

எனவே யந்திரம் தருவதை நகல் என்று கொள்ளலாமேயொழிய நடவடிக்கைப் புஸ்தகத்துக்கு ஈடாகக் கொள்ளலாகாது. ஒலிவாங்கியைப் பேசுகிறவரிடம் கொண்டு செல்ல ஓர் ஆளை நியமிப்பதும், பேசுமுன் பெயரையும் தெருவையும் சொல்லச் செய்வதும் செலவில்லாத காரியங்கள். நகலைக் கூட்டத்தில் இருந்த இருவரேனும் படித்துத் திருத்திய பிறகே கையெழுத்திடுவது சிலாக்கியம். திருத்தியாயிற்றே என்று மூலப் பதிவை அழித்துவிடும் வழக்கம் மிகவும் கெடுதலானது. பின்னால் தகராறு எழுந்தால் சாட்சியாக நிற்பது அந்தப் பதிவு ஒன்றே.

ஏற்றும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்திலிருந்து ஒலியை மட்டும் பிரித்து ஏற்றினால் கிராமத்து இணைப்பிலும் விரைவில் போய்ச் சேரும். பேச்சுக்குப் போதுமான தரத்தில் ஒரு மணி நேர ஒலி, சுருக்காத நிலையிலும், 115 மெகாபைட் அளவே வரும். குடும்ப விவகாரம், கடன், நில வழக்கு இவை கலந்த பதிவுகளை வெளியார் யந்திரத்துக்கு அனுப்பாதிருப்பது நலம். பேசியவர்களின் சம்மதமும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முந்திய அவசரம் ஒன்று, பெட்டிகளில் கிடக்கும் பழைய கேசட்டுகளைப் பற்றியது. உளுந்தும் எள்ளும் மானாவாரியில் விளைந்த விதத்தைச் சொல்லிப்போன பெரியவர்களின் குரல்கள் அவற்றில் இருக்கக்கூடும். ஈரத்தில் நாடாவின்மேல் பூஞ்சணம் படர்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் அவற்றை எடுத்துத் துடைத்து, நல்ல கருவியில் ஓட்டிக் கோப்பாக மாற்றி, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தாக்குவதை அறுவடைக்குப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.