கொட்டிலில் கிடக்கும் மோட்டார் சைக்கிளை விற்றுவிடாதீர்கள்

சொந்தக் காணியிலேயே குடியிருக்கும் கமக்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஒரு வசதி. இடம்பெயர்ந்து உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருந்துகொண்டு, பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பாலுள்ள வயலைப் பார்த்துவர வேண்டிய குடும்பத்துக்கு அது வசதி அல்ல. நிலத்தோடு உள்ள தொடர்பே அதுதான். விடியப் போய்த் தண்ணீர் மாறிவிட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்துக்குத் திரும்ப முடியாதவர்கள் முதலில் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். பிறகு விற்கிறார்கள்.

ஆகவேதான், கொட்டிலில் ரயர் இறங்கிக் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதை நாம் ஏற்பதில்லை. அதைக் கொடுத்துவிட்டுப் புதியதொன்றை லீசிங்கில் எடுப்பவர்களும் உண்டு. லீசிங் தவணை மாதாமாதம் வரும். நெல் மாதாமாதம் விளைவதில்லை. காலபோகம் வெள்ளத்தில் போனால் மோட்டார் சைக்கிளும் போய்விடும், அதுவரை கட்டிய காசும் போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை எங்கே போய் நின்றது என்பதை எல்லோரும் அறிவோம்.

திருத்துவது எமக்குப் புதிய கலையுமல்ல. 1990 இல் வடக்கே பெற்றோல் வருவது தடைப்பட்டபோது எமது ஊர்களில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் இருந்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், பிளக்கில் கரி பிடிக்கும் என்பதையெல்லாம் எம்மவர் படித்து அல்ல, பட்டு அறிந்தார்கள். அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை என்பதே எமது கவலை.

எமது பகுதிகளில் கிடக்கும் ஹொண்டா சி 50, சி 90, எம்.டி. 90 ஆகியன 1958 இல் ஜப்பானில் வெளிவந்த சுப்பர் கப் வழிவந்தவை. ஒரேயொரு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின். வீட்டு முற்றத்தில் ஒரு சாக்கை விரித்துத் திருத்தத் தக்க வண்டிகள் இவை.

ஆனால் ஸ்பனரைக் கையில் எடுக்குமுன் புத்தகத்தை எடுங்கள். என்ஜின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா? யாருடைய பெயரில் இருக்கிறது? 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை உருட்டிச் சென்ற வண்டிகளுக்குப் புத்தகம் தப்பவில்லை. சில வண்டிகளின் சொந்தக்காரரே திரும்பி வரவில்லை. அந்த முடிச்சு எப்படி அவிழும் என்று பிரதேச செயலகத்தில் விசாரித்த பின்னரே காசைச் செலவழிக்க வேண்டும்.

பல ஆண்டு நின்ற வண்டியைக் காலால் உதைத்து ஸ்ரார்ட் செய்யப் பார்ப்பதுதான் அநேகர் முதலில் செய்யும் காரியம். செய்ய வேண்டாம். சிலிண்டருக்குள் துருப் பிடித்திருந்தால் றிங் முறியலாம். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தால் டீசலும் ஒயிலும் கலந்து இரண்டு கரண்டி விட்டு, இரண்டு நாள் விடுங்கள். பின் கிக்கரைக் கையால் மெல்ல அமத்துங்கள். இளகியதும் பிளக் இல்லாமலே சில தடவை சுற்றி, விட்ட எண்ணெயை வெளியேற்றுங்கள். பழைய ஒயிலை வடித்துப் புதியது விடுங்கள். சி 90 க்கு ஏறக்குறைய முக்கால் லீற்றர் போதும். வடித்ததைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். எமது சுண்ணக்கல் நிலத்தில் எண்ணெய் எங்கே போய்ச் சேரும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகள் காட்டிவிட்டன.

நோய் அதிகமாக இருப்பது பெற்றோல் தாங்கியில்தான். கழற்றிய தாங்கிக்குள் வினாகிரியும் ஒரு பிடி சிறுகல்லும் போட்டுக் குலுக்கி, ஓரிரவு வைத்திருந்தால் துரு கழரும். கல்லைக் கொட்டி, அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, உடனே வெயிலில் காயவைத்துக் கொஞ்சம் பெற்றோல் விட்டு அலச வேண்டும். ஈரத்தோடு விட்டால் பின்னேரத்துக்குள் மறுபடி துருப் பிடிக்கும். இதைச் செய்யாமல் காபரேற்றரை மட்டும் துப்புரவாக்குவது வீண்வேலை. இரண்டு நாளில் திரும்பவும் அடைத்துக்கொள்ளும்.

காபரேற்றர் ஜெற்றின் துவாரத்தை ஊசியால் குத்தக் கூடாது. துவாரம் பெருத்தால் பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். மின்வயரின் ஒற்றைச் செப்பு இழை போதும். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து தந்த நாட்களில் இந்தச் சிறு துவாரத்தின் பெறுமதி தெரிந்தது. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர், தப்பெற் இடைவெளி என்ஜின் ஆறியிருக்கையில் 0.05. இவற்றுக்கு ஒரு பீலர் கேஜ் வேண்டும், கண்மட்டம் உதவாது.

சிக்கனம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். பிறேக் சூ, பிறேக் கேபிள், ரயர், ரியூப் ஆகியவற்றைப் புதிதாகவே போடுங்கள். வெடித்த ரயரோடு மரக்கறி மூட்டையும் பிள்ளையும் ஏற்றிப் போவது சிக்கனமல்ல. தேய்ந்த கிராங், கியர்பெட்டி என்றால் கராஜுக்கே போகட்டும். எதைத் திருத்தக் கேட்கிறோம் என்று தெரிந்து போகிறவரிடம் தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்குவது கடினம்.

இன்னொன்று. கணவனை இழந்த பெண்களின் வீடுகளில்தான் இப்படியான வண்டிகள் அதிகம் நிற்கின்றன. "தம்பி ஒருத்தன் வந்து பார்ப்பான்" என்று காத்திருந்தே அவை உக்கிப்போகின்றன. மேலே சொன்னவற்றில் ஆண்பலம் வேண்டிய வேலை ஒன்றுமில்லை. தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக் கழற்றிப் பூட்டத் தெரிந்த அக்காமாருக்குக் காபரேற்றர் பெரிய காரியமா?

வாழ்வாதார உதவி கொடுக்க வருவோரிடம் நாம் கேட்பது இதைத்தான்: பத்துப் பேருக்கு ஆளுக்கொரு பொருள் கொடுக்கும் காசில், கிராமத்துக்கு ஓர் ஆயுதப் பெட்டி கொடுங்கள். 8 முதல் 17 வரையான ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், பீலர் கேஜ், காற்றுப் பம், ரயர் கழற்றும் லீவர் இரண்டு. கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கொப்பியில் எழுதி இரவல் கொடுக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், மண்ணெண்ணெய்க் காலத்தில் வண்டி ஓட்டிய ஒரு பெரியவரை அழைத்து முற்றத்தில் இருத்துங்கள். பழைய வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் வரட்டும்.