உறைந்த முட்டையின் உபயோகம்

புரட்டாசி விரதத்தால் நாமக்கல் முட்டை விலை சரியும் நாட்களில் மிகுதியாக வாங்கி வைத்து, பின்னர் பழுதாயிற்றென்று குப்பையில் கொட்டும் இல்லங்களைக் காணுந்தோறும் என் மனம் வருந்துகிறது. இவ்விரயம் முற்றிலும் அநாவசியமானது. ஓட்டோடு உறையவைத்தால் உள்ளிருக்கும் நீர் விரிந்து ஓடு வெடித்துவிடுமாகையால், புதிய முட்டைகளை உடைத்து, நுரை எழாதபடி மெல்லக் கலக்கி, மூடியுள்ள பாத்திரத்தில் தேதி குறித்து, மைனஸ் 18 டிகிரி குளிரில் வைத்தால் ஓராண்டு வரை உபயோகிக்கலாம். வெண்கருவுக்கு விசேஷ பக்குவம் எதுவும் வேண்டாம்; மஞ்சட்கருவோ, தனியே உறைந்தால் களிபோல் இறுகி மீண்டும் இளகாத சுபாவமுடையதாதலின், 4 கருவுக்கு அரைக்கால் தேக்கரண்டி உப்பையோ, கேக் முதலிய பட்சணங்களுக்கெனில் ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரையையோ சேர்ப்பது அவசியம். சமைப்பதற்கு முந்தின இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவைத்து, பொரியலாயினும் குழம்பாயினும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.