அழித்தாலும் திரும்பி வந்த பேட்டி

2020 மார்ச்சில் வூஹான் மருத்துவர் அய் ஃபென் கொரோனா தொற்று பற்றி அளித்த பேட்டியை ‘ரென்வூ’ இதழ் வெளியிட்டது. உடனே அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. வாசகர்கள் விடவில்லை. பின்னிருந்து முன்னாகத் திருப்பியும், மோர்ஸ் குறியீட்டிலும், எமோஜியிலும் மீண்டும் மீண்டும் பதிவிட்டார்கள். தணிக்கையை ஏய்க்கும் இந்தக் குறும்பே சீன இணையத்தின் உயிர்த்துடிப்பு.

அங்கே கத்தரிக்கோல் பெரும்பாலும் வெய்போ, வீசாட் போன்ற நிறுவனங்களின் கையில்தான். நீக்கத் தவறினால் தண்டனை உண்டு; எனவே தேவைக்கு மேலேயே வெட்டுகிறார்கள். ஃபேஸ்புக்கும் யூடியூபும் நீக்காமல் இல்லை. ஆனால் பயனர் எழுதியதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்கிறது, 1996ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். நீக்கியதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதலாம், வழக்கும் போடலாம். சீனாவில்? தொற்று பற்றி எச்சரித்த மருத்துவர் லீ வென்லியாங்கைக் கண்டித்த காவல்துறை, அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்றது உண்மைதான். அவர் இறந்து ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு.