வண்டல் அச்சும் சுட்ட ஓடும்

மேலை நாட்டு வார்ப்புச் சாலைகளில் வழங்கும் சுட்ட ஓட்டு முறை வந்துவிட்டதாம். இனித் திருவேரகமாம் சாமிமலைக் கம்மியரின் மண் அச்சுக்கு வேலையில்லையாம்! ‘களிமண் பழங்கதை, ஓடே அறிவியல்’ என்று முழங்கும் படித்தவருள் எத்துணைப் பேர் இவ்விரண்டையும் ஓர் உலையருகே வைத்து ஒப்பிட்டனர்?

ஓட்டு முறையின் சிறப்பை மறுப்பது பேதைமை. மெழுகுப் படிமத்தைச் சிலிக்காக் குழம்பில் தோய்த்து, மேலே மணல் தூவி, உலர்த்தி, மீண்டும் தோய்த்து, ஆறேழு பூச்சுக்கு மேலும் ஏற்றுவர். முடிவில் ஓட்டின் தடிப்பு ஒரு விரலளவுகூட இராது. மெழுகு ஓட்டினும் மிகுதியாக விரிவதால், மெல்லச் சூடேற்றின் ஓடு வெடிக்கும். ஆகவே சட்டெனக் கடுவெப்பத்தில் வைத்து, ஓட்டையொட்டிய மெழுகை முதலில் உருக்கி வழியவிடுவர். இவற்றுள் எதுவும் கண்மூடிச் செய்வதன்று. துளையிட்ட குவளையிலிருந்து குழம்பு வடியும் நேரத்தை எண்ணுவர். ஓட்டுச் சட்டங்களைச் சுடுமுன்னும் சுட்டபின்னும் முறித்து வலிமை காண்பர். வளி புகவிடும் தன்மையை அளப்பர். அளந்ததைத் தம் மொழியில் எழுதியும் வைப்பர். தமிழர் தோற்றது அங்கேதான், மண்ணில் அன்று.

திருவேரகத்தார் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிப் படிமம் சமைக்கின்றனர். காவிரி வண்டலைக் கரித்த உமித்தூளொடு நெய்போல் அரைத்து முதற்பூச்சிட்டு, நிழலில் உலர்த்துகின்றனர். அதன்மேல் வயல்மண்ணும் மணலும். பெரும்படிமமாயின் இரும்புக் கம்பிக் கட்டு. உமியை முற்ற எரித்தால் எஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவே! புட்டியில் அடைத்து வருவதைக் கண்டு வாய்பிளப்போர், களத்து உமியைக் கண்டதில்லை போலும்.

மற்றொன்றும் உண்டு. மேலையர் ஓடு பெரும்பாலும் உட்பொள்ளலான மெல்லிய வார்ப்புக்கு உரியது. ஈண்டோ தெய்வத் திருமேனியை முழுக்கட்டியாக வார்ப்பதே மரபு. ஏறத்தாழ 1,100 பாகையில் பாயும் மாழை அத்துணைத் திரளாக நின்றால் நெடுநேரம் ஆறாது. பொள்ளற் படிமத்தில் வென்ற ஓடு இங்கும் வெல்லும் என்பதற்கு என்ன சான்று?

காலமோ காத்திராது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் கீழிறங்கும் வண்டல் குறைந்தது. எஞ்சியதை மணற்கொள்ளை அரிக்கின்றது. அவ் வண்டலின் நுண்மை, சுருக்கம், சுட்ட வலிமை ஆகியவற்றைக் குறித்து வையாவிடின், நாளை மாற்று மண் தேடுவோன் எதனோடு ஒப்பிடுவான்?

பல்கலைக் கழகங்கள் ஒரே படிமத்துக்கு இரு மெழுகுப் படி எடுக்கட்டும். ஒன்றுக்கு வண்டல், ஒன்றுக்கு ஓடு. கம்மியரும் ஆய்வாளரும் அருகிருந்து பார்க்கட்டும். ஓடு வென்றால் ஓட்டையே கொள்க. ஆனால், முறிந்த சட்டத்தின் கணக்கு முதற்கண் தமிழில் அச்சேறுக.