மண்ணின் எழுத்தை மறக்கலாமா?



சீ. முத்துசாமி என்னும் எழுத்தாளரை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அவர் நம் கெடா மாநிலத்தவர், சுங்கைப் பட்டாணிக்காரர். ரப்பர்த் தோட்டத்து ஏழைத் தொழிலாளரின் வாழ்வைக் கதைகளாக்கியவர். அவருடைய 'மண்புழுக்கள்' நாவல் 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2017இல் கோயம்புத்தூரில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கிச் சிறப்பித்தனர். கடல் கடந்தவர்கள் போற்றிய அவருக்கு நம் பள்ளி நூலகத்தில் ஓரிடம் உண்டா?

அந்நாவலில் தோட்டத்துப் பேச்சுமொழி நிறைந்திருக்கிறது. "கொச்சைத் தமிழ், பிள்ளைகளின் எழுத்து கெட்டுவிடும்" என்பர் சிலர். அக்கவலையை நான் புறந்தள்ளவில்லை. எழுத்துத் தமிழைப் பிழையறக் கற்பிப்பது நம் கடமை. ஆயினும், பாட்டியின் பேச்சு இழிவானது என்று கற்ற பிள்ளை, பாட்டியின் வாழ்வும் இழிவானது என்றே எண்ணத் தலைப்படும். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, காண்டா வாளி சுமந்த தோள்கள்தாம் நம் பள்ளிகளைத் தாங்கின என்பதை அப்பிள்ளை எவ்வாறு அறியும்?

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறிவிட்டன. லயத்தில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் வளர்கின்றனர். மங்கு, ஒட்டுப்பால், கிராணி, கங்காணி ஆகிய சொற்கள் அவர்களுக்கு அந்நியமாகி வருகின்றன. சொல் மறைந்தால், அச்சொல்லுக்குள் இருந்த உழைப்பும் அவமதிப்பும் மறையும்.

'மண்புழுக்கள்' பெரியோருக்கான நாவல். அதைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. முதலில் நாம் படிப்போம். பின்னர், ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் தாத்தா பாட்டியிடம் பத்துத் தோட்டச் சொற்களைக் கேட்டு எழுதி வரட்டும். அச்சொல் எந்த வேலைக்குரியது, அவ்வேலையைச் செய்தவர் யார் என்று வகுப்பில் பேசட்டும். பேச்சு வழக்கையும் எழுத்து வழக்கையும் அருகருகே எழுதினால், இலக்கணமும் கெடாது; வரலாறும் நிலைக்கும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வைக் காரணம் காட்டி இதனைத் தள்ளிப்போட இனி இயலாது. பெற்றோர்களே, இவ்வாரம் உங்கள் வீட்டு முதியவரைப் பிள்ளையின் அருகில் அமர்த்துங்கள். ஆசிரியர்களே, பள்ளி நூலகத்திற்கு அந்நூலில் ஒருபடி வாங்குங்கள்.

மண்புழு கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தை வளமாக்குகிறது. விளைச்சலை உண்ணும் நாம் அதனை மறக்கலாமா? சிந்திப்போம்.